ஒன்பது வயது நறுமுகை

ஆறு வயதில் இறந்துபோன மகள் நறுமுகையை, ஒவ்வொரு பிறந்தநாளன்றும் ஒரு வயது கூட்டிப் புதிய செயலியாக உருவாக்குவது சுடர்மதியின் வழக்கம். இவ்வாண்டும் கணினியில் புதிய கோப்புறையைத் திறந்து, பழைய குரல்பதிவுகளையும் ஒளிப்படங்களையும் அதில் சேர்த்து, உருவாக்கத்தைத் தொடங்கினாள்.

“முந்தைய செயலி இயங்கிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திய பின்னரே புதியதை உருவாக்க இயலும்” என்று திரை அறிவித்தது.

சுவர்த்திரையிலிருந்த எட்டு வயது நறுமுகை அதைப் படித்துவிட்டாள்.

“அம்மா, ஒன்பது வயசுக்காரி வந்துட்டா நான் எங்க போவேன்?”

“அவளும் நீதான்டி. கேசரி கிண்டி வச்சிருக்கேன். சமத்தா கண்ணை மூடிக்கோ.”

“போன வருஷம் ஏழு வயசுக்காரிகிட்டயும் இதையேதான் சொன்னியாம்மா?”

சுடர்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அழுகைச் சத்தம் பாதியில் அறுந்தது.

சற்று நேரத்தில் ஒன்பது வயது நறுமுகை கண்விழித்து, காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா, உள்ள ரெண்டு பேர் அழறாங்க. உனக்குக் கேக்கலையா?”