இருபத்திரண்டு எழுத்து

"யோவ், நிறுத்து! கையில இன்னா சீட்டு அது?"

மோகன்ராஜ் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் வேங்கடாசலம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

திருப்பதியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மோகன்ராஜ்தான் பொறுப்பு. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று எல்லா மெஷினிலும் லினக்ஸ் போட்டு, டிஸ்கைப் பூட்டி, ஸ்டார்ட் ஆகும்போதே பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்தவன் அவன். இன்றைக்கு நகரியிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து ஏழு மணிக்கு முன்பே வந்து பார்த்தால், டைப்பிங் ரூமில் வாட்ச்மேன் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார்!

சீட்டைப் பிடுங்கினான். பாஸ்வேர்டின் இருபத்திரண்டு எழுத்தும் பெரிது பெரிதாக வரைந்திருந்தது.

"யாரு குடுத்தாங்க?"

வேங்கடாசலம் வாசல் பக்கம் பார்த்தார்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"ஒரு மாசமா, சார்."

"உள்ள இருக்கிறதை எவனுக்கு வித்துகினு இருக்கே?"

"ஐயோ, அந்த மாதிரி இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

அவர் மறுபடி வாசலையே பார்த்தார். மோகன்ராஜ் அங்கேயே நின்று மேனேஜர் பிரமிளாவுக்குப் போன் போட்டான். யூனிஃபார்மை வாங்கிக்கொண்டு உடனே அனுப்பிவிடச் சொன்னார் அவர்.

வேங்கடாசலம் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விசிலையும் வைத்தார்.

அப்போது வராந்தாவில் டக் டக்கென்று குச்சி தட்டும் சத்தம். கறுப்புக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, சுவரைத் தொட்டபடி உள்ளே வந்தாள்.

"மாமா, மெஷினைத் தொறந்துட்டியா?"

மோகன்ராஜ் கையிலிருந்த சீட்டையும் அவள் கறுப்புக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடிக்கும் இந்திராணி அவள். ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரத்தில் வந்து எல்லா மெஷினையும் முடித்துவிட்டுப் போனவனுக்கு, எதில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

"உள்ள போயிட்டா மெஷின் எல்லாத்தையும் படிச்சிக் காட்டும் சார்" என்றாள், விஷயம் தெரிந்ததும் பதறிப்போய். "பாஸ்வேர்டு கேக்கற எடத்துல மட்டும் பேசாது. சரியா அடிச்சனா, தப்பா அடிச்சனான்னே தெரியாது. ஒரு நாள் அரை மணி நேரம் தொறக்காத மெஷின் எதிர்ல உக்காந்துகினு இருந்தேன். ஏழு மணிக்கு இவரை விட்டா இங்க யாரு சார் இருக்காங்க? இங்கிலீஷ் தெரியாது அவருக்கு. சீட்டைப் பாத்து ஒவ்வொரு எழுத்தா தேடி அடிப்பாரு."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" மோகன்ராஜ் வேங்கடாசலத்தைப் பார்த்துக் கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு வேலை இன்னும் பர்மனன்ட் ஆவல சார். மெஷினைத் தொறக்கவே ஆளு வேணும்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்கோ. நமக்கு இன்னா, காவல் காக்க வேற கேட்டு கெடைக்கும்."

மோகன்ராஜ் மறுபடி பிரமிளாவுக்குப் போன் போட்டான். தப்பு தன்னுடையது என்று சொன்னான். தொப்பியை எடுத்து வேங்கடாசலத்தின் கையில் கொடுத்தான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்தான். அதற்குள்ளேயே ஒரு சிப் இருந்தது. பூட்டுக்குச் சாவியை அதில் பதித்து வைத்தால், டிஸ்க் இந்த மெஷினில் இருக்கும்வரை தானாகத் திறந்துகொள்ளும். கழற்றி வேறு எதில் போட்டாலும் திறக்காது. நாலே நாலு வரி கமாண்டு. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான். எந்தக் கேள்வியும் கேட்காமல் மெஷின் நேராக உள்ளே போய்ப் பேச ஆரம்பித்தது.

இந்திராணியின் முகம் மலர்ந்தது. "இதைத்தான் சார் கேட்டிருந்தேன் மெயில்ல."

"மெயிலா? எனக்கு வரலியே?"

"டைப்பிங் செக்‌ஷன்னு மட்டும் போட்டு, பாஸ்வேர்டு கேக்கற எடம் தெரியலன்னு அனுப்பினேன். பதில்கூட வந்துதே, சார்." மோகன்ராஜ் எழுந்து இடம் கொடுக்க, அவள் விரல்கள் கீபோர்டில் ஓடி அந்தப் பதிலைத் திறந்தன.

மெஷின் சத்தமாகப் படித்தது: "கைண்ட்லி ஓபன் யுவர் ஐஸ் அண்ட் சீ த ஸ்கிரீன். தேங்க்ஸ், மோகன்ராஜ்."

வேங்கடாசலம் ஆசையாக முன்னால் வந்து நின்றார். "இன்னா சார் சொல்லுது அது?"

மோகன்ராஜ் தலையைத் தூக்கவில்லை.

"கண்ணைத் தொறந்து பாருன்னு சொல்லுதுண்ணா... நான் இந்தப் பொண்ணுக்கு எழுதினது."