ரிப்பேர் பட்டன்

தம்பியின் கடையை நாலு பேர் முன்னால் நாறடிப்பதற்காகவே சோபாக்காரர் அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு வகுப்புக்குக் கிளம்பினார்.

"ஞாயித்துக்கிழமை அவங்க புதுக் கடை திறப்பு. ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமே," என்றாள் மனைவி.

"இதை முடிச்சுட்டு வர்றேன். அப்புறம் அவன் மூஞ்சில முழிக்கணுமா வேணாமான்னு பார்க்கலாம்."

நூலக மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்கு அன்று கடைசி நாள். ஆளுக்கொரு வெப்சைட்டை எடுத்து, அதில் நல்லது எது, கெட்டது எது என்று ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும். சோபாக்காரர் தம்பி கடையின் வெப்சைட்டை எடுத்திருந்தார்.

இருவரும் ஒரே கடையில் சோபா தைத்தவர்கள்தான். புதுசு செய்து விற்கலாம் என்றான் தம்பி. பழசைப் பிரித்துத் தைப்பதுதான் தொழில் என்றார் இவர். பேச்சு முற்றிக் கடை இரண்டானது. பிரியும்போது ஒரே ஒரு வாக்கு: ரிப்பேர் வேலை அண்ணனுக்கு, புதுசு தம்பிக்கு. ஒருத்தர் பிழைப்பில் ஒருத்தர் கை வைப்பதில்லை. அதுதான் கடைசியாகப் பேசியது.

தம்பி வெப்சைட் வைத்துவிட்டான் என்ற வயிற்றெரிச்சலில்தான் இவர் வகுப்பிலேயே சேர்ந்தார். சேர்ந்த பிறகு மனிதர் சொக்கிப் போனார். ஸ்லைடில் எழுத்தைப் போட்டு அடைக்காதீர்கள் என்று டீச்சர் சொன்னபோது, குஷனில் பஞ்சை அளவுக்கு மேல் திணித்தால் தையல் விட்டுப்போவது ஞாபகம் வந்தது. படத்தைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடம் விடுங்கள் என்றபோது, பின்னே, சோபா போட்டால் கால் நீட்ட இடம் வேண்டாமா என்று தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் இப்படி எதுவும் மண்டையில் ஏறியதில்லை. "அந்தப் பொண்ணு சொல்றது அத்தனையும் நம்ம பட்டறைல இருக்குடி," என்று தினமும் வீட்டில் சொல்லிச் சொல்லி, மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

அவர் முறை வந்தது. தம்பியின் வெப்சைட் சுவர்த் திரையில் விரிந்தது.

"முதல்ல நல்லதைச் சொல்லுங்க சார்," என்றார் டீச்சர்.

சொல்ல மனசே இல்லை. ஆனால் திரையில் தம்பி தைத்த சோபா ஆளுயரத்துக்கு நின்றது. சோபாக்காரர் திரைக்குப் பக்கத்தில் போய்த் தையல் வரியை விரலால் ஓட்டிப் பார்த்தார்.

"தையல் நேரா இருக்கு. மூலை மடிப்புல ஒரு சுருக்கம் கிடையாது. அந்தக் கையைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிடும்."

"அண்ணே, தம்பி கடைக்கு ஓசி விளம்பரம்ல பண்றீங்க?" என்றார் பின்வரிசையில் இருந்த டாக்சிக்காரர்.

"பொறுப்பா. இனிமேதான் இருக்கு."

மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை, கண்ணைக் குத்துகிறது என்றார். விலைப்பட்டியலில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். தனக்கு வெப்சைட்டே கிடையாது, இருந்தும் முன்பின் தெரியாதவர்களெல்லாம் போன் பண்ணி வேலை கொடுக்கிறார்கள், அது கைராசி என்றும் சேர்த்துக்கொண்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

கடைசியில் ஸ்லைடை மூடிவிட்டு வெப்சைட்டையே நேராகத் திறந்தார். பக்கத்தின் உச்சியில் பெரிய சிவப்புப் பட்டன். அதன் மேல், 'பழைய சோபா ரிப்பேருக்கு.'

சோபாக்காரருக்குக் குரல் மாறியது. பிரிந்தபோது கொடுத்த வாக்கை வகுப்புக்குச் சொன்னார். முன்வரிசையில் இருந்த பேக்கரிக்கார அம்மா உச்சுக்கொட்டினார்.

"வாக்கை மீறுனது போகட்டும். மீறுனவன் ஒழுங்கா மீறுனானா? இங்க பாருங்க." பட்டன் மேல் மவுஸை வைத்து டக்டக்கென்று தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "வெறும் பட்டன். கடையில இருக்கிறதிலேயே நல்ல இடத்தை எடுத்து ஒரு பொய்யை மாட்டி வச்சிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமைக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

டீச்சர் எழுந்து வந்தார். சில பட்டன்கள் போனில்தான் வேலை செய்யும், அழுத்தினால் நேராக ஒரு நம்பருக்குக் கால் போகும், இந்தக் கம்ப்யூட்டரில் சும்மாதான் இருக்கும் என்றார். இதை நடத்தாமல் விட்டது தன் தப்பு என்றும் சொன்னார். பிறகு தன் போனில் அதே வெப்சைட்டைத் திறந்து, அந்தப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தார்.

"ரிங் போகுது சார்."

அதே நேரம் பார்த்து சோபாக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. "மன்னிச்சுக்கங்க டீச்சர், நேரங்கெட்ட நேரத்துல," என்று கையை விட்டு, யாரென்றுகூடப் பார்க்காமல் அமுக்கி நிறுத்தினார்.

"கட் பண்ணிட்டாங்களே," என்றார் டீச்சர்.

"பார்த்தீங்களா?" சோபாக்காரர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "வேலை குடுக்கக் கூப்பிடுறவங்க யாரு, என்னன்னுகூடப் பார்க்காம கட் பண்றான். அவ்வளவு திமிரு."

"எதுக்கும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன்," என்று டீச்சர் மறுபடி பட்டனை அழுத்தினார்.

சோபாக்காரரின் சட்டைப் பை மறுபடி அடித்தது.

இந்தத் தடவை அதை நிறுத்த அவருக்குக் கை வரவில்லை.