இரண்டு பொட்டலம் மண்

பிம்சன் கண்ணாடிச் சில்லில் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டாள். பால்போல இருந்தது.

இரண்டு பொட்டலம் மண்ணிலிருந்தும் தட்டில் வளர்ந்த கிருமிகள் பார்வைக்கு ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் ஒன்று வயலோடு கிடக்கும் சாது. மற்றது காலில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், ஆளையே கொண்டுபோய்விடும்.

சொட்டில் கலந்திருந்த ஆன்டிபாடி கெட்டதை மட்டும்தான் பிடிக்கும். பிடித்தால் பால் திரிந்து மணிமணியாகும்.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில், தன் வீட்டின் இரண்டு வயல்களிலிருந்தும் மண் கொண்டுவந்திருந்த புவாலை உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒட்டரிசிச் சோற்றுக் கூடை. திறக்கவே இல்லை.

"அன்னிக்கே குடுத்த மண்ணு. இத்தனை நாளா நெல்லா விளைஞ்சிருக்கும், டாக்டரம்மா" என்று சற்றுமுன் சிரிக்கப் பார்த்தாள்.

அவள் கணவன் கம்பான் இந்த ஆஸ்பத்திரியில்தான் செத்தான். சர்க்கரைக்காரன். பாதம் மரத்துப்போனவன். முள் குத்தினால்கூட வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும்.

அவன் இரத்தத்தில் வளர்ந்ததைச் சோதித்ததும் பிம்சன்தான். மணிகளைக் கண்டதும் முடிவைச் சொல்ல மாடிக்கு ஓடினாள். கட்டில் காலியாக இருந்தது.

இப்போது ஒவ்வொரு சொட்டிலும் ஒரு மண்ணின் கிருமியைக் கலந்து, சில்லை மெதுவாக ஆட்டினாள்.

வெள்ளை நூல் கட்டிவந்த மண் பாலாகவே நின்றது.

சிவப்பு நூல் மண் திரிந்தது. அதே மணிகள்.

கையுறையைக் கழற்றி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெளியே வந்தாள். மூன் ஆற்றுப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நடவு முடியாத வீடுகள் இன்னும் இருந்தன.

"சிவப்பு நூலுதான் அத்தை. மாமாவோட வயலு. பூட்ஸ் இல்லாம இனி யாரும் அதுல இறங்கக் கூடாது."

புவாலை தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு தன் இடது பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். அதில் ஆறிப்போன தழும்பு ஒன்று இருந்தது.

"வெள்ளை நூலுதான் அவரு வயலு. சிவப்பு என்னோடது" என்றாள். "எனக்கு மூங்கில் குத்தி சீழ் வெச்சிருந்துச்சு. புண்ணோட சேத்துல இறங்காத புள்ளன்னு சொல்லிட்டு, என் வயலையும் அவரே நட்டாரு."