பாதி காலியான டப்பா

அரிகிருஷ்ணன் விட்ட இரண்டாவது குத்தில் தனகோட்டியின் முகம் ஆட்டோ ஹேண்டில்பாரில் போய் மோதியது. வாயைத் துடைத்த கையில் ரத்தத்தோடு முன்பல் ஒன்றும் வந்தது.

"எவ்ளோ நாளா நடக்குது?"

"இன்னா மாமா நடக்குது? அடிக்கறதுக்கு முன்னாடி அதயாவது சொல்லு."

அரிகிருஷ்ணன் லுங்கி மடியிலிருந்து ஒரு லேகிய டப்பாவை எடுத்து அவன் கண்ணுக்கு நேரே நீட்டினான். டப்பாவின் மேல் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் குதிரை. அது எதற்குத் தின்கிற லேகியம் என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விலக்கிவிட வந்த இரண்டு பேரும் குதிரையைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

"எம் பொண்டாட்டி பொடவைக்கு நடுவுல இருந்துச்சி. பாதி காலி. நான் ஒரு வாய் துன்னதில்ல. வாரம் தவறாம அவள அவலூர்பேட்டைக்கு இட்டுனு போறது நீதான?"

"ஷேர் ஆட்டோ மாமா. ஊரே ஏறும். அக்கா நாட்டு மருந்துக் கடைகிட்ட எறங்கும், வர்றப்ப திரும்ப ஏறும். எனக்குன்னா டப்பா என்கிட்டல்ல இருக்கணும்?"

நியாயமான கேள்விதான். பதிலாக வயிற்றில் ஒரு உதை கிடைத்தது.

நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன் அரிகிருஷ்ணன். மூட்டையில் மாட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியை இடுப்பிலிருந்து உருவித் தனகோட்டியின் கழுத்தில் வைத்தான். "வண்டிய எடு. எங்கூட்டுக்குப் போ. அவளயும் வெச்சினே கேக்கறேன்."

கோட்டை ரோட்டில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் கொக்கி முனை தனகோட்டியின் கழுத்தைக் கீறியது. பின்னால் இருந்தவனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவன் நினைப்பு முழுக்கப் பொண்டாட்டி அமிர்தவல்லி மேல் இருந்தது.

சின்னவன் பிறந்ததிலிருந்தே சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள் அவள். கூப்பிட்டால் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. இந்த ஒரு மாதமாகத்தான் தலையில் பூ ஏறியிருக்கிறது. அடுப்படியில் பாட்டு கேட்கிறது. முந்தாநாள் படுக்கையில் அவளாகவே அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது ஒன்றும் புரியாமல் கையை உதறிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இப்போது ஐயாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தப்பு செய்தவள்தான் இப்படிக் குழைவாள் என்று முடிவு கட்டிவிட்டான்.

வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அமிர்தவல்லி, ரத்தம் ஒழுக இறங்கியவனைப் பார்த்து ஓடி வந்தாள்.

"தனகோட்டி, இன்னாப்பா ஆச்சி?"

புருஷனை விட்டுவிட்டு அவனை விசாரித்தது இன்னும் வினையாகப் போயிற்று. அரிகிருஷ்ணன் விட்ட அறையில் உதடு கிழிந்து வாசற்படியில் விழுந்தாள். டப்பா அவள் மடியில் வந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"இந்த நாத்தம் என் சோத்துலயும் வரல, பால்லயும் வரல. எவனுக்குடி ஊட்டுன?"

"உள்ள வா, சொல்றேன். தெருவே பாக்குது."

"பாக்கட்டும். இங்கயே சொல்லு."

தெரு உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு மாடியில்கூட ஆள். அமிர்தவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். அடிக்குப் பயந்ததைவிட அவள் வெட்கத்துக்குத்தான் அதிகம் பயந்தாள்.

அரிகிருஷ்ணன் தனகோட்டியின் முடியைப் பிடித்துக் கீழே தள்ளினான். அவன் வலது கையை வாசற்படியில் வைத்து மணிக்கட்டில் ஏறி மிதித்தான்.

"நீ சொல்லாத. இவன் இனிமே எந்தக் கையால வண்டி ஓட்றான்னு பாக்கறேன்."

"அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுக்கா. எதுனா சொல்லுக்கா" என்று தனகோட்டி அழுதான்.

கொக்கி உயர்ந்தது. இறங்குகிற நேரத்தில் அமிர்தவல்லி குறுக்கே பாய்ந்து கையை நீட்டினாள். இரும்பு முனை அவள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் வந்தது.

அரிகிருஷ்ணன் கை தானாக நின்றுவிட்டது. தெருவில் யாரோ கத்தினார்கள். அமிர்தவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு, வழிகிற ரத்தத்தைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"நான்தான்யா துன்னேன். உம்மேல ஆசை வரட்டும்னு."