வலது கால்

கர்த்தருடைய இராப்போஜனத்துக்கு முன்னால் அந்தச் சபையில் பெண்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவிவிட வேண்டும். மனஸ்தாபம் உள்ளவளைத் தேடிப் போய்க் கழுவினால்தான் இருதயம் ஜெபத்துக்கு ஆயத்தமாகும் என்பார்கள். தபித்தாள் முந்தின நாள் முழுக்க உபவாசமிருந்து ஒரே வாக்கியத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்: ‘உன்னை மன்னிச்சிட்டேன் பெர்சியா.’ சும்மாவா? ஓரகத்தி பெர்சியாள், அடுப்படியில் சண்டை வந்த அன்றே சொல்லாமல்கொள்ளாமல் தாய்வீட்டுக்குப் போனவள். மறுவாரம் மாமியார் அடக்கத்துக்குக்கூட எட்டிப்பார்க்காதவள். இத்தனை வருஷம் கழித்து, போன மாதம்தான் இந்தச் சபைக்கு வரத் தொடங்கியிருந்தாள்.

பேசினில் வெந்நீரை விளாவி வைத்துக்கொண்டு தபித்தாள் அவள் முன்னால் மண்டியிட்டாள். இடது காலைக் கழுவினாள். வலது காலைத் தூக்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது. கணுக்காலிலிருந்து தோல் வெளுத்துச் சுருங்கி, இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன.

“இது எப்பிடி பிள்ள?”

பெர்சியாள் குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கு வடிகஞ்சியத் தூக்கி எறிஞ்சீங்கள்லா அக்கா? தரையில கொட்டிச்சுன்னு நெனச்சுட்டீங்களாக்கும். அத்தை முகத்தக் கடைசியா ஒருக்கா பாத்துரணும்னு துடிச்சேன். காலை ஊன முடியல.”

முந்தின நாள் முழுக்க உருட்டிய வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு தபித்தாள் அந்தக் காலைக் கழுவி முடித்தாள்.

பெர்சியாள் காலைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி உட்கார்ந்தாள். பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கையை நீட்டினாள். தபித்தாள் இரண்டு கால்களையும் சேலைக்குள் ஒடுக்கிக்கொண்டாள்.

“காட்டுங்க அக்கா,” என்றாள் பெர்சியாள். “தண்ணி சுடாது.”