பாதிப் பேருக்கு மாவு

"மாவு தின்னவளுக்கும் வலி போச்சு, மூலிகை தின்னவளுக்கும் வலி போச்சு. அப்புறம் மூலிகையாவது, மண்ணாங்கட்டியாவது!"

கோவளத்துப் பெண்களின் மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி கொடுத்து ஆராய்ந்த சுப்புராமன் உதட்டைப் பிதுக்கினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாதிப் பேருக்குச் சொல்லாமலே வெறும் மாவுப் பொட்டலம் கொடுத்திருந்தார். 'நாட்டு மருந்து வெறும் நம்பிக்கை' என்று அறிக்கையும் அனுப்பியாகிவிட்டது.

விடைபெற வந்தவரைச் சுல்தான் பீவி முறைத்தாள்.

"இன்னா சார் நியாயம் இது? என் பொட்டலம் சப்புனு இருந்துச்சு, ஃபிலோமினாவோடது கசந்துச்சு!"

"அதனால?"

"அன்னிக்கே எல்லாத்தையும் அண்டாவுல கொட்டிக் கலந்து, சமமா பங்கு போட்டுக்கினோம். நோன்புக் கஞ்சியையே ஊருக்கெல்லாம் ஊத்துறவங்க நாங்க. மருந்துல ஓரவஞ்சனை பண்ண வந்துட்டாரு, பெரிய படிச்சவரு!"