பேர் போடாத நம்பர்

"யாரு நம்பர் இது?"

சவரிநாதன் மனைவியின் செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். இருதயசெல்வி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

"அத மட்டும் கேக்காதீங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளதான்."

போச்சு! பொம்பளை என்று ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா இந்த மகராசி?

போன வாரம்தான் அவன் கண்ணில் பட்டது. மத்தியானம் அவன் சாப்பிட்டுக் கை கழுவப் போனதும், அவள் அந்த நம்பருக்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணினாள். உடனே அங்கிருந்து ஒரு ரிங். கட். பேச்சு மூச்சு கிடையாது. போனை நோண்டிப் பார்த்தால் தினமும் இதே கூத்து, பேர் போடாத அதே நம்பர்.

அந்த ஒற்றை ரிங்குக்கு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதில்தான் சவரிக்கு வயிறு பற்றி எரிந்தது. காதலித்துக் கட்டிக்கொண்டவன் அவன். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கிடைத்து எத்தனை மாசம் ஆச்சு! இந்த அழகுக்கு, 2006-லேயே பொண்டாட்டிக்குத் தனி செல்போன் வாங்கிக் கொடுத்தவன் என்று தெருவில் பெருமை வேறு.

"பேரையாச்சும் சொல்லு."

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"ஓகோ, சத்தியம் வேற பண்ணிக் குடுத்துக்கிறியா? எனக்குன்னு என்னிக்காச்சும் ஒரு சத்தியம் பண்ணிக்கிறியா நீ?"

"கோயில்ல பண்ணேனே, மோதிரம் மாத்தும்போது."

வாய்! இந்த வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை.

கடைக்குப் போனவனுக்கு வேலை ஓடவில்லை. திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டுவதில் பேர் எடுத்தவன், அன்றைக்கு மூன்று முறை சுற்றிப் பிரித்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் தன் போனிலிருந்து அந்த நம்பரை அடித்தான். எடுத்தார்கள்.

"யார்றா நீ?"

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. வைக்க மனசில்லாத மாதிரி கொஞ்ச நேரம் இழுத்து, அப்புறம் கட் ஆனது.

"மூச்சு உடுறான்பா, மூச்சு!" என்று பக்கத்து டீக்கடை பச்சைமுத்துவிடம் புலம்பினான்.

பச்சைமுத்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "மிஸ்டு கால் குடுக்கறவன்தான்பா பலே கில்லாடி. பேசவும் மாட்டான், மாட்டவும் மாட்டான். நீ இன்னா பண்ணு, அவ போன்லருந்து நீயே மிஸ்டு கால் குடு. குடுத்துக்கினே இரு. கூப்புடறாடோய்னு ஓடியாருவான் பாரு."

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் செல்வி பின்பக்கம் துணி துவைக்கப் போனாள். சவரி அவள் போனை எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, வேலையை ஆரம்பித்தான். ரிங், கட். ரிங், கட். விரல் வலிக்கிற வரைக்கும் விட்டான்.

அங்கிருந்து மிஸ்டு கால் வரவில்லை. நிஜமான போனே வந்தது. அவன் கட் பண்ணினான். திரும்பவும் வந்தது. திரும்பவும் கட்.

"இன்னா துடிப்பு துடிக்கிறான் பாரு!" என்று பல்லைக் கடித்தான்.

கொஞ்ச நேரத்தில் போன் வருவது நின்றுபோனது. ஆள் புறப்பட்டுவிட்டான். சவரி போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் செல்வி சோறு போட்டாள். "பசிக்கல" என்று தட்டைத் தள்ளினான்.

"ஒடம்புக்கு இன்னா? ஆமா, என் போன் எங்க?"

"என்கிட்டதான் இருக்கு. இன்னிக்கி ரிங் உட வேணாம். உன் ஆளு நேர்லயே வர்றான். அவன் மூஞ்ச ஒரு தபா பாத்துட்டு, உன்ன உங்கம்மா வூட்டுக்கு பஸ் ஏத்திடறேன். துணிமணியெல்லாம் எடுத்து வை."

செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"ஐயோ, எத்தினி ரிங் உட்டீங்க?"

அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் சவரிக்கு இன்னும் எரிந்தது. எவனுக்காகவோ அழுகிறாள், புருஷன் எதிரிலேயே!

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சவரி பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றான். வா மகனே, உள்ளே வா.

வந்தவர் உள்ளே வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்த சவரி ஸ்பேனரைக் கீழே இறக்கினான். காணை கிராமத்தில் இருக்கும் அவன் அப்பா, சின்னப்பன். தன் தங்கை மகளை மகன் வேண்டாமென்று சொல்லி செல்வியைக் கட்டினதற்காக, மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயில் வாசலில் வைத்தே, "நீ செத்தாதான்டா உன் வூட்டுப் படியேறுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்கப்புறம் அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"மாமா!" என்று செல்வி வாசலுக்கு ஓடினாள்.

அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். காலில் செருப்பில்லை.

"ஒரு ரிங் வந்தா புள்ள சாப்ட்டான்னு. ரெண்டு வந்தா ஒடம்பு சரியில்லன்னு. இன்னிக்கி நிக்காம வந்துக்கினே இருந்திச்சேம்மா... நான் போட்டா எடுக்கவும் மாட்டேன்ற..."

வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியையே பார்த்தார்.

"சொல்லும்மா செல்வி... நான் படியேற வேண்டியதா ஆயிடிச்சா?"